கங்கைக்கரை வீட்டுக்குச் சிவப்பு இலக்கம் போட்டுவிட்டார்கள்

கேள்வி: மட்டக்குளியில் களனி கங்கைக்குக் கிட்ட இருக்கிறோம். 1976இல் பெரிய மாநாடு வந்தபோது, கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த எங்கள் அம்மா அப்பாவை லொறியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டார்களாம். நான் பிறந்தது இங்கேதான். அன்றைய பலகை வீடு இப்போது கல் வீடு, மேலே ஒரு மாடியும் உண்டு. கீழே நானும் கணவரும், மேலே மகன் குடும்பம், பின் அறையில் கணவரை இழந்த அக்காவும் அவள் பிள்ளையும். போன மாதம் ஆட்கள் வந்து அளந்து, வாசலில் சிவப்புப் பெயின்டில் ஒரு இலக்கம் எழுதிவிட்டுப் போனார்கள். தொடர்மாடியில் ஒரு வீடு தருவார்களாம், காணி உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லாதவர்கள் எதுவும் பேச முடியாதாம். எங்களிடம் அம்மா பெயரில் ஒரு பழைய அட்டையும், காலஞ்சென்ற அப்பா பெயரில் வரும் கரண்ட் பில்லும்தான் இருக்கின்றன. நான் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஒரு தரகர் வந்து "இலக்கத்தை விற்கிறீர்களா" என்று கேட்கிறார். கட்டாரில் இருக்கும் தம்பி விற்றுவிடச் சொல்கிறான். என்ன செய்வது?
(ஒரு வாசகி, கொழும்பு 15)

பதில்:

அன்புள்ள சகோதரி,

தரகரை முதலில் அனுப்பிவிடுங்கள். உங்கள் சுவரில் இருப்பது கணக்கெடுப்பு இலக்கம். அதில் விற்பதற்கு ஒன்றுமில்லை. வாங்குகிறவர் கையில் ஒரு வெள்ளைத்தாள் ஒப்பந்தம் மட்டும் இருக்கும், உங்கள் பெயரோ பட்டியலிலிருந்து போய்விடும். தொடர்மாடி வீடு கிடைத்த பிறகும் இதே கதைதான். தவணை கட்டி முடியும்வரை விற்கக்கூடாது, வாடகைக்கும் விடக்கூடாது என்ற நிபந்தனை இந்த ஒப்பந்தங்களில் வருவது வழக்கம். தம்பியிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

அடுத்தது, "உறுதி இல்லாதவர்கள் பேச முடியாது" என்ற கதை. இதை யார் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அளக்க வந்தவரே சொல்லியிருந்தாலும் அது சரியல்ல. கிராண்ட்பாஸிலிருந்து முகத்துவாரம் வரை, கங்கையின் இந்தக் கரையில் ஒரே ஒழுங்கையில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டுக்கு இரண்டு விதமான உரிமை இருக்கும். எந்த வீட்டுக்காரர் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தார் என்பதைப் பொறுத்தது அது. அதனால்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த 1976 என்ற வருஷம். கொஞ்சம் பொறுமையாக இதை வாசியுங்கள்.

களனி கங்கையைக் கடக்க ஒரு காலத்தில் பாலமே கிடையாது. 1822இல் கிராண்ட்பாஸில் படகுகளை வரிசையாகக் கட்டி அதன்மேல் பலகை போட்டு ஒரு மிதவைப் பாலம் அமைத்தார்கள். 1895இல் அதன் இடத்துக்கு விக்டோரியா இரும்புப் பாலம் வந்தது. 1959இல் புதிய களனிப் பாலம், 2021 நவம்பரில் இப்போதைய, வடங்கள் தாங்கும் பாலம். உள்நாட்டிலிருந்து சரக்கு கங்கை வழியாகப் படகில் வந்து இறங்கிய காலத்தில், இந்தக் கரைதான் கொழும்பின் பின்வாசல். அதோடு வசதியானவர்களின் இடமாகவும் இருந்தது! முகத்துவாரத்தில் கடலையும் கங்கையையும் பார்த்தபடி வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள் நின்றன. புனித தோமஸ் கல்லூரி 1851இல் தொடங்கியது இங்கேதான். 1875இல் துறைமுக அலைதடுப்புக்கு அடிக்கல் வைத்த பிறகு எல்லாம் மாறியது. நிலக்கரித் தூசு பறந்தது. பணக்காரர்கள் கறுவாத்தோட்டம், கொள்ளுப்பிட்டி என்று தெற்கே நகர்ந்தார்கள். கல்லூரியும் 1918இல் கல்கிசைக்குப் போய்விட்டது. அவர்கள் விட்டுப்போன வளவுகளில் துறைமுகத் தொழிலாளிகளுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் வரிசை வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். நாம் 'தோட்டம்' என்கிறோமே, அவற்றில் பல இப்படி வந்தவை. தமிழ்நாட்டிலிருந்தும் மலபார்ப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே குழாயடியில் நின்றார்கள்.

அந்தத் தோட்டங்களின் நிலம் தனியாருடையது. குடியிருந்தவர்கள் வாடகைக்காரர்கள். 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை போட்டு, மிஞ்சியவற்றை வீடமைப்பு ஆணையாளரின் கைக்கு மாற்றியது. வாடகைக்காரர் அந்த வீட்டையே வாங்க விண்ணப்பிக்கலாம் என்றது. விண்ணப்பித்து, பணம் கட்டி, உறுதி வாங்கியவர்கள் உண்டு. பாதியில் விட்டவர்களும் ஏராளம். உங்கள் ஒழுங்கையில் பழைய தோட்டத்து ஆட்கள் யாராவது இருந்தால், அந்தக் காலத்துப் பற்றுச்சீட்டுகளை ட்ரங்குப் பெட்டியில் தேடச் சொல்லுங்கள்.

உங்கள் குடும்பம் வந்தது அடுத்த அலையில். 1976 ஓகஸ்டில் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு கொழும்பில் நடந்தது. வெளிநாட்டுத் தலைவர்களின் கண்ணில் படக்கூடாது என்று நகரத்துக்குள் இருந்த குடிசைகளை அப்புறப்படுத்தி, அந்த மக்களை மட்டக்குளியில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். இங்குள்ள சம்மிட்புர என்ற குடியிருப்பின் பெயரே அந்த மாநாட்டால் வந்ததுதான். அந்த மக்கள் தாமாக வந்து காணி பிடித்தவர்கள் அல்ல, அரசாங்கமே தன் தேவைக்காக ஏற்றிவந்து இறக்கியவர்கள். உங்கள் அம்மாவின் கதையும் அதுவாக இருந்தால், ஐம்பது வருஷத்துக்குப் பிறகு வந்து "நீங்கள் அத்துமீறிய குடியிருப்பாளர்கள்" என்று யாராவது சொன்னால், கூச்சப்பட வேண்டியது நீங்கள் இல்லை.

மூன்றாவது அலை 1978க்குப் பிறகு. அந்த வருஷம் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது. அடுத்த வருஷம் தேசிய வீடமைப்பு அதிகார சபை வந்தது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில், கொழும்பின் குடிசைப் பகுதிகள் பலவற்றை இருந்த இடத்திலேயே திருத்தினார்கள். ஒழுங்கையை நேராக்கி, பெரும்பாலும் குடும்பத்துக்கு 2 பேர்ச் காணி என்று துண்டு பிரித்து, சிறு கடனும் கொடுத்து, வீட்டை நீங்களே கட்டுங்கள் என்றார்கள். என் தொழிலில் நான் பார்த்தவரை, இந்த நகரத்தில் ஏழைகளுக்காகச் செய்தவற்றில் உருப்படியானது அதுதான். குறை இருந்தது, அரசியலும் இருந்தது. ஆனாலும் மனிதர்களை இடம் பெயர்க்காமல் வேலை நடந்தது.

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனதும் யோசனை எதிர்ப்பக்கம் திரும்பியது. ஏறக்குறைய 68,000 குடும்பங்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றி, விடுபடும் நிலத்தை முதலீட்டுக்குக் கொடுப்பது. ஆட்சிகள் மாறின, அமைச்சும் மாறியது, யோசனை மட்டும் அப்படியே இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் உயர்மட்ட நெடுஞ்சாலை வேலையும் புதிய பாலமும் வந்த பிறகு, ஒரு காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத இந்தக் கரையில் நில விலை எங்கே போயிருக்கிறது என்று உங்கள் தரகருக்கே நன்றாகத் தெரியும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது அரச காணியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியானால் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று, 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பது அரச காணிக்குப் பொருந்தாது. தனியார் காணியில் 10 வருஷம் எதிரிடையாகத் தடையில்லாமல் இருந்தால் ஆட்சியுரிமை கேட்கலாம். அரசுக்கு எதிராக 50 வருஷம் இருந்தாலும் அந்த வழி இல்லை. "இவ்வளவு காலம் இருந்துவிட்டோம், இனி எங்களுடையது" என்ற நம்பிக்கையில் சும்மா இருக்காதீர்கள்.

இரண்டாவது இதைவிட முக்கியம். அரச காணியிலிருந்து ஒருவரை எழுப்ப 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. குறைந்தது 30 நாள் அவகாசத்தோடு வெளியேறும் அறிவித்தல் வரும். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போவார்கள். அங்கே நீங்கள் எடுத்துச் சொல்லக்கூடிய பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான்: அரசு சட்டப்படி கொடுத்த, இன்னும் இரத்துச் செய்யப்படாத அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்துமூல அதிகாரம் என்னிடம் இருக்கிறது என்பது. ஏழ்மை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கட்டிய செலவு எதுவும் அந்த விசாரணையில் எடுபடாது. இப்போது அம்மாவின் அந்தப் பழைய அட்டையைப் பாருங்கள். அதை யார் கொடுத்தார்கள், என்ன இலக்கம், யார் முத்திரை? அது வெறும் கணக்கெடுப்பு அட்டையாக இருந்தால் தனியே போதாமல் போகலாம். அதன் பின்னால் ஒரு பதிவேடு இருந்தாக வேண்டும், அந்தப் பதிவேடு ஏதோ ஒரு அலுவலகத்தில் இருக்கக்கூடும். 1976இல் குடியேற்றியபோது மாநகர சபையோ வேறு திணைக்களமோ ஒரு துண்டுக் கடிதம் கொடுத்ததா என்று ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் விசாரியுங்கள். ஒரு வீட்டில் கடிதம் அகப்பட்டால் மற்ற வீடுகளுக்கும் வழி பிறக்கும். அட்டையை லேமினேட் பண்ண வேண்டாம், முத்திரை அழிந்துவிடும்.

இதோடு 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய கட்டாய மீள்குடியேற்றக் கொள்கை இருக்கிறது. உறுதி இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்று அது சொல்கிறது. கொள்கைக்குச் சட்டத்தின் பலம் கிடையாது, உண்மைதான். ஆனால் திட்டத்துக்கு வெளிநாட்டுக் கடன் வந்தால் நிலைமை வேறு. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜப்பானின் உதவி நிறுவனமான ஜெய்க்கா ஆகியவற்றின் விதிகளின்படி, உறுதி இல்லாதவருக்கும் வீட்டுக்கும் வருமான இழப்புக்கும் ஏதாவது செய்தாக வேண்டும். ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் 2019இல் கொழும்பு நகரப் புத்துயிர்ப்புத் திட்டத்துக்குக் கடன் அங்கீகரித்தது. ஆகவே உங்கள் திட்டத்துக்கு யாருடைய பணம் என்று தெரிந்துகொள்வது வெறும் ஆர்வத்துக்காக அல்ல.

உறுதி உள்ள அயலவர்களுக்கு நடைமுறை வேறு. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தில் 2ஆம் பிரிவு அறிவித்தல் ஆராய்வதற்கு. 4ஆம் பிரிவு அறிவித்தலுக்கு ஆட்சேபனை எழுதலாம். 5ஆம் பிரிவுப் பிரகடனத்தோடு கதவு பெரும்பாலும் மூடிவிடும். 7ஆம் பிரிவு வந்தால் நட்டஈட்டுக் கோரிக்கையைக் கொடுக்க வேண்டும். தொகை போதாது என்றால் 21 நாளுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு. தபாற்காரர் கொண்டுவரும் கடிதத்தில் எந்தப் பிரிவு என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது போதும்.

சுவரில் எழுதிய சிவப்பு இலக்கத்துக்கு இந்தச் சட்டங்கள் எதிலும் இடமில்லை. அது உங்களை எழுப்பவும் முடியாது, உங்களுக்கு எதையும் தரவும் முடியாது. ஆனால் அதை அழிக்காதீர்கள். போட்டோ எடுத்து வையுங்கள். கணக்கெடுப்பில் உங்கள் வீடு இருக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி.

இப்போது செய்ய வேண்டிய முதல் வேலை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். பத்தரமுல்லை செத்சிறிபாயவில் உள்ள நகர அபிவிருத்தி அதிகார சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். எங்கள் வீட்டை அளந்தது எந்தத் திட்டத்துக்கு, பணம் யாருடையது, காணி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, 1976 குடியேற்றம் பற்றிய பதிவேடு இருந்தால் அதன் பிரதி, கணக்கெடுப்பில் எங்கள் வீட்டில் எத்தனை குடும்பங்கள் எழுதப்பட்டுள்ளன, என்ன அடிப்படையில் வீடு ஒதுக்கப்படும் என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மௌனமாக இருந்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவலறியும் உரிமை ஆணைக்குழு. ஒழுங்கையில் உள்ள எல்லோரும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைப்பதைவிட, நாலைந்து வீடுகள் தனித்தனியே விண்ணப்பிப்பது நல்லது. கோப்பு பல மேசைகளில் நகரும்.

மூன்று குடும்பம், ஒரு வீடு என்பதுதான் உங்கள் உண்மையான பிரச்சினை என்று நினைக்கிறேன். இந்தத் திட்டங்களில் ‘வீட்டுக்கு ஒரு வீடு' என்பதே பொதுவான நடைமுறையாக இருந்து வந்திருக்கிறது. மூன்று குடும்பமும் ஒரே வாசலால் போய்வந்தால் ஒரு வீடு என்றே எழுதிவிடுவார்கள். அப்படியானால் எல்லோரும் 400 முதல் 550 சதுர அடிக்குள் அடங்க வேண்டும். அதனால் இறுதிப் பட்டியல் வருவதற்கு முன்பே தனித்தனிக் குடும்பம் என்று காட்டுங்கள். மகன் குடும்பமும் அக்காவும் வாக்காளர் இடாப்பில் இந்த முகவரியில் இருக்கிறார்களா? அரசாங்க நலன்புரி உதவியான அஸ்வெசுமவுக்குத் தனிக் குடும்பமாக விண்ணப்பித்திருக்கிறார்களா? மகனின் திருமணச் சான்றிதழ், பேரப்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அக்காவின் கணவருடைய மரணச் சான்றிதழ், பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவு ஆகியவற்றைச் சேர்த்து, கிராம சேவகரிடம் மூன்று குடும்பத்துக்கும் தனித்தனி வதிவிடக் கடிதம் கேளுங்கள். மாடிக்கு வெளிப்பக்கப் படிக்கட்டும் தனிக் குசினியும் இருந்தால் அவற்றையும் போட்டோ எடுங்கள். இதற்காக இப்போது அவசரமாகச் சுவர் எழுப்பித் தனி வாசல் வைக்க வேண்டாம். அளந்த பிறகு கட்டியது என்று தெரிந்தால் உண்மையாகச் சொன்னதையும் நம்பமாட்டார்கள்.

அப்பா பெயரில் வரும் கரண்ட் பில்லை நினைத்துக் கவலைப்படாதீர்கள். 1980களின் பில் ஒன்று கிடைத்தால் அது பொன். பெயர் மாற்றுவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள், பழைய தொடர்ச்சிதான் உங்களுக்குத் தேவை. தம்பி ஊரில் இல்லாவிட்டாலும் அவரும் அம்மாவின் பிள்ளைதான். யார் பெயரில் ஒதுக்கீடு வர வேண்டும் என்று அக்காவும் நீங்களும் அவரும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். வீடு கிடைத்த பிறகு சகோதரர்கள் நீதிமன்றத்தில் நிற்பதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எந்த அலுவலருக்கும் மூலப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். உறுதிப்படுத்திய பிரதி கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சிங்களத்தில் மட்டும் உள்ள படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம், தமிழில் கேட்பது உங்கள் உரிமை. வெளியேறும் அறிவித்தல் வந்தால் அன்றே புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். நான் திட்டமிடல் தொழிலில் இருப்பவன், அந்த இடத்தில் உங்களுக்கு வேண்டியது ஒரு சட்டத்தரணி. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதாக இருந்தால் ஒரு மாதம்தான் கெடு.

தொடர்மாடிக்குப் போகலாமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் கேள்வி அதுதானே. முதலில் கங்கையைப் பாருங்கள். கங்கையின் நீர்மட்டத்தைக் காட்டும் நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி வந்தால் சிறு வெள்ளம், 7 அடி வந்தால் பெரு வெள்ளம். 1989 ஜூன், 2016 மே, 2025 நவம்பர் டித்வா புயல் என்று கரையோர மக்கள் பட்டதை நீங்களே அறிவீர்கள். வெள்ளத்தடுப்பு அணை நகரத்தைக் காப்பாற்றும்போது அணைக்கும் கங்கைக்கும் நடுவில் இருப்பவர்கள் தண்ணீரோடு நிற்கிறார்கள். உங்கள் வீடு அணைக்கு எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. கங்கைப் பக்கம் என்றால், போவதே நல்லது என்பது என் கருத்து. 1924ஆம் ஆண்டின் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெள்ளப் பிரதேசமாகப் பிரகடனம் செய்த இடம் என்றால் அங்கே சட்டப்படி வீடு பெருப்பிப்பதும் கஷ்டம். நகரப் பக்கம் என்றால் இவ்வளவு அவசரப்படத் தேவையில்லை. அங்கே 'வெள்ள ஆபத்து' என்று காரணம் சொன்னால், அதே நிலத்தில் அடுத்து என்ன கட்டப்போகிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

முடிவு செய்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேனமுல்லையில் உள்ள முவதொர உயன தொடர்மாடிக்குப் போய் அங்கே இருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். உங்கள் பக்கத்தில்தானே இருக்கிறது. மாதத் தவணை, பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், கரண்ட் எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு, லிஃப்ட் பழுதானால் எத்தனை நாளில் திருத்துகிறார்கள், குப்பையை எங்கே போடுகிறார்கள், சாவீடு நடந்தால் பெட்டியை எங்கே வைக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா எழுப்பியபோது அதிகாரிகள் சிரித்தார்கள். பிறகு யாருக்கும் பதில் தெரியவில்லை.

இடியப்ப வேலையைப் பற்றி: விடியற்காலையில் ஆவி, விறகோ காஸோ, சுளகுகள், தட்டுகள், கடைக்காரரின் முச்சக்கரவண்டி என்று எல்லாவற்றோடும் எட்டாம் மாடியில் அந்தத் தொழில் நடக்காது. வீட்டில் வியாபாரம் செய்யக்கூடாது என்று தடுக்கவும் இடமுண்டு. ஆகவே கணக்கெடுப்பில் உங்கள் வீடு 'குடியிருப்பு' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், 'குடியிருப்பும் சுயதொழிலும்' என்று திருத்தக் கேட்டு இப்போதே எழுதுங்கள். கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் எத்தனை காலமாக வாங்குகிறார்கள், நாளுக்கு எத்தனை என்று கடிதம் வாங்கி இணையுங்கள். கீழ்மாடி வீடு அல்லது கீழ்த்தளத்தில் ஒரு கடையறை, இரண்டில் ஒன்று வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். வீடுகளைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்குவது வழக்கம். குலுக்கிய பிறகு மாற்றிக் கேட்டால் காது கொடுக்கமாட்டார்கள். அக்காவுக்கு முழங்கால் வருத்தமோ வேறு நோயோ இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரி மருத்துவரின் கடிதத்தையும் அதே விண்ணப்பத்தோடு சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.